பால்மரம் இலை கொட்டும் மாதம்: பாலர் வகுப்பு வெளியே வர இதுவே நேரம்

நான்கு பருவங்களைக் காட்டும் சுவர்ப்படம் பல பாலர் வகுப்புகளில் தொங்குகிறது. வசந்தத்திற்குப் பூ, கோடைக்குச் சூரியன், குளிருக்குப் பனிமனிதன், இலையுதிர் காலத்திற்குச் சிவந்த மேப்பிள் இலை. ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்து, இலை நிறம் மாறிக் கொட்டுவதெல்லாம் விமானம் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய சங்கதி என்று எடுத்துக்கொள்கிறது. அதே பிள்ளை ஏறி வரும் பள்ளி வேன், பீடோங்கிலோ பாலிங்கிலோ கோலக்கெட்டிலிலோ ஒரு பால்மரக் காட்டைக் கடந்துதான் வருகிறது. பொங்கல் முடிந்து தைப்பூசம் நெருங்கும் வேளையில் அந்தக் காடு மஞ்சளும் செம்பும் சிவப்புமாக மாறி நிற்கும். சில வாரங்களில் மொட்டையாகிவிடும். கீழே கணுக்கால் மூழ்கும் அளவுக்குச் சருகு.

கெடாவுக்கு இலையுதிர் காலம் உண்டு. அது அக்டோபரில் வருவதில்லை, ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது, அவ்வளவுதான்.

இதை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் பள்ளி நாள்காட்டி. கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு நம் பள்ளித் தவணை தள்ளிப்போனது. 2022 முதல் 2024 வரை பள்ளிகள் மார்ச்சில் திறந்தன, 2025இல் பிப்ரவரியில். அந்த ஆண்டுகளில் பால்மரம் இலை கொட்டும் வாரங்களில் பெரும்பகுதி தவணையின் கடைசி நாள்களிலும் நீண்ட விடுமுறையிலும் கரைந்துபோயின. 2026இல் தவணை மீண்டும் ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. கெடாவில் ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறக்கும் வழக்கப்படி ஜனவரி 11ஆம் தேதி. அதாவது, அம்மாவின் முந்தானையை விட்டு முதன்முதலாக வகுப்புக்குள் வரும் பிள்ளையின் முதல் சில வாரங்களும், மரம் நிறம் மாறும் வாரங்களும் ஒன்றாக வருகின்றன. ஒரு பாலர்பள்ளி ஆசிரியருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது.

ஏன் கெடாவில் இவ்வளவு தெளிவாக?

ரப்பர் மரம் இந்த மண்ணின் மரமல்ல. அமேசான் காட்டைச் சேர்ந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தன. நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றிய கதையின் தொடக்கமும் அதுதான். ஊர் மாறினாலும் மரம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காய்ச்சல் காலம் வந்தால் இலையைக் கழற்றிவிடும்.

நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை கிளந்தானிலும் திரங்கானுவிலும் கொட்டித் தீர்க்கிறது. நடுவே மலைத்தொடர் நிற்பதால் மேற்குப் பக்கத்தின் வடகோடியான கெடாவிலும் பெர்லிசிலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டு கிடக்கின்றன. ஜொகூர் பக்கம் மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்வதால் அங்கே பால்மரம் அரைகுறையாக, ஆளுக்கொரு நேரத்தில் இலை உதிர்க்கும். கெடாவில் வறட்சி அழுத்தமாக வருவதால் ஒரு நிரையே, சில சமயம் ஒரு தோட்டமே, சேர்ந்தாற்போல் நிறம் மாறும். நாட்டின் தென்பகுதிப் பிள்ளைக்குக் கிடைக்காத காட்சி இது.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்ற கேள்விக்குப் பாலர் வகுப்பு அளவில் ஒரு எளிய பதில் போதும். இலைக்குப் பச்சை தருவது பச்சையம். சூரிய ஒளியில் மரத்துக்குச் சாப்பாடு சமைப்பது அதன் வேலை. தண்ணீர் குறையும் காலத்தில் மரம் அந்தச் சமையலை நிறுத்திக்கொள்கிறது. பச்சையம் சிதைந்ததும், அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி மறைந்திருந்ததல்ல, இலை உதிரும் தறுவாயில் புதிதாக உண்டாவது. இலை திறந்திருந்தால் அதன் வழியே ஈரம் ஆவியாகிப் போகும். ஆகவே மரம் இலைக்காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கை வளர்த்து, கதவைச் சாத்துவதுபோல் சாத்திவிடுகிறது. பிறகு காற்று அடித்தாலே போதும்.

இதைப் பிள்ளைகள் கையாலேயே கண்டுபிடிக்க முடியும். பச்சை இலை ஒன்றை ஆசிரியர் பறித்துக் காட்டினால் காம்பில் பால் வடியும். தானாக விழுந்த இலையின் காம்பு நுனி காய்ந்து, சுத்தமாக இருக்கும். பறித்ததற்கும் உதிர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம். அந்தப் பால் சட்டையில் பட்டால் கறுத்துவிடும், எந்தச் சவர்க்காரத்திற்கும் அசையாது. தோட்டத்தில் வளர்ந்த பாட்டிமாருக்கு அது தெரியும், தாமானில் வளர்ந்த அம்மாக்களுக்குத் தெரியாது.

பால் குறையும் மாதம்

இந்த அழகுக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதிதான். தோட்டப்புறத்தில் இலை கொட்டுவது வேடிக்கை பார்க்கும் காலமாக இருந்ததில்லை. மரம் தன் சேமிப்பையெல்லாம் புதிய தளிருக்குச் செலவிடும் நேரம் அது. மங்கில் பால் இறங்காது. மரத்திற்கு ஓய்வு கொடுக்க வெட்டு நிறுத்தப்படும் அல்லது குறைக்கப்படும். வெட்டு இல்லையென்றால் பால் வெட்டுபவரின் கையில் காசு இல்லை. புல் வெட்டுவது, கால்வாய் தூர்வாருவது என்று வெளிக்காட்டு வேலை கிடைத்தவர்கள் அதில் இறங்கினார்கள். கிடைக்காதவர்கள் கடையில் கடன் சொன்னார்கள். இன்று பாலிங், சீக் வட்டாரங்களில் சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் இது வருமானம் சுருங்கும் மாதம்தான்.

ஐந்து வயதுப் பிள்ளையிடம் பொருளாதாரம் பேச முடியாது. ஆனால் பாட்டியை வகுப்புக்கு அழைத்து வர முடியும். விடியற்காலைப் பெரட்டு, காண்டா வாளி, உளி, கோட்டுப்பால், கட்டிப்பால் என்ற சொற்களை வாழ்ந்து பார்த்தவர்கள் இன்னும் சுங்கைப்பட்டாணி, லூனாஸ், கூலிம் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பட்டிமன்றத்திற்கும் விளையாட்டுப் போட்டிக்கும் ஆள் திரட்டுவதுபோல், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான்கு பாட்டிகளைத் திரட்டுவது பெரிய காரியமல்ல. இலை விழுந்தால் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்கு வரும் பதில் எந்தப் பாடநூலிலும் இல்லாததாக இருக்கும்.

இதற்கு அவசரமும் இருக்கிறது. 1980களில் இந்நாட்டில் ஏறத்தாழ 20 இலட்சம் ஹெக்டரில் நின்ற ரப்பர், இன்று கிட்டத்தட்ட 11 இலட்சம் ஹெக்டருக்குச் சுருங்கியிருக்கிறது. அதிலும் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களின் கையில். பெரிய தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, அல்லது வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பெயரில் ‘லாடாங்’ என்ற சொல்லைச் சுமந்துகொண்டிருக்கும் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றி இன்று ஒரு பால்மரமும் இல்லை. செம்பனையோ பருவம் பார்த்து இலை உதிர்க்கும் மரமல்ல. அதன் மட்டையை மனிதர்தான் வெட்டித் தள்ள வேண்டும். ஆகவே தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் பள்ளியின் பிள்ளையும் ஆண்டு முழுவதும் ஒரே பச்சையைப் பார்த்து வளரக்கூடும்.

சருகும் சண்டும்

தமிழில் ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ‘இலையுதிர் காலம்’ என்று தனியே ஒன்று அந்தக் கணக்கில் இல்லை. அது பிற்காலத்தில் மேல்நாட்டுப் பருவத்திற்காக வந்த பெயர். கெடாவின் பால்மரம் தையில் நிறம் மாறி மாசியில் கொட்டுகிறது என்றால், பழைய கணக்கில் அது முன்பனி முடிந்து பின்பனி தொடங்கும் நேரம். நம் ஊரில் பனி எங்கே என்று கேட்கலாம். பாலிங் பக்கத்தில் அந்த மாதங்களின் விடிகாலைக் குளிரில் வேலைக்குப் போனவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

பருவத்திற்குப் பெயர் இல்லாவிட்டாலும் இலைக்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. கொழுந்து, தளிர், குழை, இலை, பழுப்பு, சருகு என்று ஒரே இலையின் வயதுக்கு ஏற்பப் பெயர் மாறுகிறது. மனிதனுக்குக் குழந்தை, சிறுவன், இளைஞன், கிழவன் என்பதுபோல. நெல், புல் போன்றவற்றின் காய்ந்த தாள் ‘சண்டு’, காய்ந்த இலைதான் ‘சருகு’ என்று மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் பிரித்துக் காட்டியிருக்கிறார். தொல்காப்பியத்தின் மரபியல் இன்னும் முன்னே போய், உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும் வெளியே வயிரம் உடையதைப் புல் என்றும் பகுக்கிறது. அந்தக் கணக்கில் தென்னை, பனை எல்லாம் புல். செம்பனையையும் அங்கேதான் சேர்க்க வேண்டும். பால்மரம் மரம். புல்லினத்திற்கு ஓலை, மரத்திற்கு இலை. ஒரு பக்கம் செம்பனையும் மறுபக்கம் பால்மரமும் நிற்கும் கெடாச் சாலையில் ஓலைக்கும் இலைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அட்டைப் படம் எதற்கு?

பாலர் வகுப்பில் மரபியல் நடத்தச் சொல்வதல்ல இது. சொல்லும் பொருளும் ஒரே நேரத்தில் கைக்கு வர வேண்டும் என்பதுதான். ‘சருகு’ என்று கரும்பலகையில் எழுதிப் பத்து முறை படிக்க வைத்தால் பிள்ளை எழுத்தைக் கற்கும். காலடியில் நொறுங்கும் சத்தத்தோடு அந்தச் சொல் வந்தால் அது ஒட்டிக்கொள்ளும். வீட்டில் தமிழ் குறைந்துவரும் குடும்பங்களில் பிள்ளைகள் இலையென்றால் ‘டாவுன்’ என்றே சொல்லிப் பழகி வருகிறார்கள். அதற்கு மேல் தளிரையும் சருகையும் அவர்களுக்குக் கொடுக்க வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை.

விளையாட்டின் வழியே கற்பது என்பதை நம் தேசிய பாலர்பள்ளிக் கலைத்திட்டமே வலியுறுத்துகிறது. உலகத்தில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. ஜெர்மனியில் பிரெட்ரிக் ஃபுரூபெல் 1837இல் தொடங்கிய சிறுவர் பள்ளிக்கு அவர் பின்னர் வைத்த பெயரின் பொருளே ‘குழந்தைகள் தோட்டம்’. டென்மார்க்கில் 1950களில் முளைத்த காட்டுப் பாலர்பள்ளிகளில் பிள்ளைகள் மழையிலும் குளிரிலும் வெளியேதான் பொழுதைக் கழிக்கிறார்கள். ஜப்பானில் இலையுதிர் காலம் வந்தால் பாலர்கள் ஓக் மரக் கொட்டைகளைப் பொறுக்கிச் சட்டைப்பை நிறைய அள்ளி வருகிறார்கள். அவர்களுக்கு ஓக் கொட்டை என்றால் நமக்கு ரப்பர் கொட்டை. அதைப் பற்றிப் பிறகு.

கையில் எடுத்தால் என்னென்ன

பால்மர இலை பாலர் வகுப்புக்கென்றே செய்ததுபோல் இருக்கும். நீண்ட ஒரு காம்பு, அதன் நுனியில் மூன்று சிற்றிலைகள். கோவிலில் வில்வம் பார்த்த பிள்ளை உடனே ஒப்பிடும். பத்து இலை பொறுக்கினால் முப்பது சிற்றிலை. மூன்று மூன்றாக எண்ணுவது விரலிலேயே வந்துவிடும். நிறவாரியாக அடுக்கலாம்: பச்சை, பச்சையும் மஞ்சளும், மஞ்சள், செம்பு, சிவப்பு, பழுப்பு. அளவுவாரியாக அடுக்கலாம். தாளுக்கு அடியில் இலையை வைத்து மெழுகு வண்ணக்கோலால் தேய்த்தால் நரம்புகள் எழும்பி வரும். கண் மூடிக்கொண்டு மிதித்து, புதுச்சருகின் ஓசைக்கும் நனைந்த சருகின் ஓசைக்கும் வேறுபாடு கேட்கலாம்.

கொஞ்சம் பொறுமை இருந்தால் இலைக்கூடு செய்யலாம். உதிர்ந்த நல்ல இலைகளைத் தண்ணீரில் சில வாரம் ஊற வைத்தால் சதைப்பகுதி அழுகிக் கழன்றுவிடும். மென்மையான பழைய பல்துலக்கியால் மெல்லத் தடவிக் கழுவினால் வலைபோல் நரம்பு மட்டும் மிஞ்சும். அதைக் காயவைத்துச் சாயம் ஏற்றினால் கண்ணாடித் துணிபோல் இருக்கும். மலேசியாவில் கைவினைக் கடைகளிலும் கல்யாணப் பரிசுப் பொருள்களிலும் காணப்படும் வலையிலைகள் பல இப்படி ரப்பர் இலையில் செய்தவைதான். ஊற வைத்த வாளியை இறுக மூடி வைக்க வேண்டும். இல்லையென்றால் கைவினைக்குப் பதில் கொசுப் பண்ணைதான் மிஞ்சும்.

உதிர்வதோடு கதை முடிந்துவிடுவதில்லை. பல ஆசிரியர்கள் தவறவிடக்கூடிய பகுதி இதற்கு அடுத்தது. மொட்டையாக நின்ற மரம் சில வாரங்களில் மீண்டும் தளிர்க்கும். அந்தத் தளிர் பச்சையாக வருவதில்லை. செம்பு நிறத்தில், துவண்டு தொங்கும். மாமரத்திலும் இதையே பார்க்கலாம். மாந்தளிர் நிறம் என்று தமிழில் தனியே ஒரு நிறம் இருப்பது அதனால்தான். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறிய தேன்சுரப்பிகள் இருக்கின்றன. பூவே இல்லாத இடத்தில் தேன். தளிர்க்கும் பருவத்தில் அங்கே எறும்பும் தேனீயும் மொய்ப்பதை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பிள்ளைகள் கண்டுபிடிக்கலாம். ரப்பர் காட்டில் எடுக்கும் தேனுக்கு முக்கிய மூலம் பூவைவிட இந்தச் சுரப்பிகள்தான். அதையொட்டி வரும் மஞ்சள் பூ மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரியும்.

பருவத்தில் உதிர்ந்த இலை வேறு, நோயில் உதிர்ந்த இலை வேறு. இளந்தளிரில் வெள்ளைப் பொடி படிந்து விழுந்தால், அல்லது வேறொரு மாதத்தில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளியோடு இலை கொட்டினால், அது பூஞ்சையின் வேலை. அண்மை ஆண்டுகளில் சிறுதோட்டக்காரர்களை வாட்டும் இலையுதிர் நோய் இப்படிப்பட்டதே. புள்ளி உள்ள இலை, புள்ளி இல்லாத இலை என்று பிரிக்கச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளையும் பிரிக்கும். அதுவே அறிவியலின் முதல் வேலை.

பால்மரம் இல்லாத பள்ளிகள்

சுங்கைப்பட்டாணி, அலோர்ஸ்டார் போன்ற நகரப் பள்ளிகளில் என்ன செய்வது? கெத்தாப்பாங் மரம் இல்லாத பட்டணம் கெடாவில் அரிது. தமிழில் நாட்டு வாதுமை. அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிழல் தரும் அந்த மரத்தின் அகன்ற இலைகள் உதிர்வதற்கு முன் நல்ல சிவப்பாக மாறும். பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு தடவை. சண்டை மீன் வளர்ப்பவர்கள் அந்தச் சருகைத் தேடிப் பொறுக்கித் தண்ணீரில் போடுவார்கள். மீன் வளர்க்கும் அண்ணன் இருக்கும் வீட்டுப் பிள்ளை இதை வகுப்பில் சொல்லும்போது ஆசிரியருக்கே செய்தியாக இருக்கும்.

மலாய்க் கிராமங்களின் ஓரத்தில் நிற்கும் காபு மரம், அதாவது இலவ மரம், இன்னொன்று. வறட்சியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நெட்டையாக நிற்கும் கிளைகளில் காய் மட்டும் தொங்கும். பிறகு வெடித்துப் பஞ்சு பறக்கும். ‘இலவு காத்த கிளி’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்யும் மாணவர்களில் எத்தனை பேர் இலவங்காயைக் கையில் தொட்டிருப்பார்கள் என்பது தனிக்கேள்வி. கிளி எதற்காகக் காத்திருந்தது என்பது பாலர் வகுப்பிலேயே தெரிந்துவிட்டால், பத்து ஆண்டு கழித்து அந்தப் பழமொழிக்கு உரை தேவைப்படாது.

வெளியே போகும் முன்

பெற்றோர் தயங்குவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. இலை கொட்டும் காலமும் வெயில் கொளுத்தும் காலமும் ஒன்றே. 2016 மார்ச்சில் கடும் வெப்பத்தால் பெர்லிசிலும் கெடாவின் பெண்டாங், குபாங் பாசு மாவட்டங்களிலும் பள்ளிகள் இரண்டு நாள் மூடப்பட்டன. நாட்டின் உச்ச வெப்பநிலையான 40.1 பாகை செல்சியஸ் 1998 ஏப்ரலில் பதிவானதும் பக்கத்து மாநிலத்தின் சூப்பிங்கில்தான். வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுப்பது, தொடர்ந்து மூன்று நாள் வெப்பம் 35 முதல் 37 பாகையைத் தொடும்போது. அந்த நாள்களில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகக் கூடாது. மற்ற நாள்களில் காலை எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்பிவிட்டால் போதும். முக்கால் மணி நேரம் ஐந்து வயதுக்குத் தாராளம். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, மூடிய காலணி, நீளக் காற்சட்டை கட்டாயம்.

சருகுக்கு அடியில் பூரானும் தேளும் சில சமயம் பாம்பும் படுத்திருக்கும். தோட்டத்து ஆள்கள் கையை விடுவதற்கு முன் குச்சியால் கிளறுவார்கள். அதே பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். குவியலில் குதிக்க விடுவது மேல்நாட்டுப் படங்களில் அழகாக இருக்கும். இங்கே வேண்டாம், பெரியவர் ஒருவர் கிளறி விரித்துப் போட்ட சருகில் நடந்தால் போதும். கைவிடப்பட்ட மங்குகளில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் கொசு விரட்டித் தைலமும் அவசியம். பொறுக்கி மிஞ்சிய சருகைக் கொளுத்தி அழிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. காய்ந்த காட்டில் அது ஆபத்து. திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட. குழி வெட்டிப் போட்டால் பள்ளிக் காய்கறித் தோட்டத்திற்கு உரமாகும்.

அரசாங்கப் பாலர் வகுப்பில் அதிகபட்சம் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். இந்த இரண்டு பேரை மட்டும் நம்பி வேலிக்கு வெளியே போவது சரியல்ல. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்றால் இன்னும் மூன்று பெற்றோர் வந்தாலே கணக்கு சரியாகிவிடும். வளாகத்தைத் தாண்டுவதாக இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதியும் வேண்டும், தோட்ட உரிமையாளரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் காகித வேலைக்கு மலைத்து விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அப்படியானால் ஒரு கோணிப்பை நிறையச் சருகை வளாகத்துக்குள் கொண்டுவந்து கொட்டிவிடலாம். நிழலில் விரித்த பாயில் அதுவும் ஒரு காடுதான், பூரான் இல்லாத காடு.

ஆகஸ்டில் வெடிக்கும் கொட்டை

மார்ச்சில் பூத்த பூ காயாகி, ஜூலை கடைசி முதல் செப்டம்பர் வரை வெடிக்கும். வெயில் ஏறிய நேரத்தில் காட்டுக்குள் நின்றால் பட்டாசுபோல் ‘டப்’ என்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு காயிலும் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. ஓடு முறுக்கிக்கொண்டு வெடிப்பதால் கொட்டை பல மீட்டர் தூரம் போய் விழும். பளபளவென்று பழுப்பும் வெள்ளையும் கலந்த அதன் புள்ளிக்கோலம் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. இரண்டை உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து அழுத்தி யாருடையது உடைகிறது என்று பந்தயம் கட்டியது, சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைத்துவிட்டு ஓடியது, பல்லாங்குழிக்கும் சோங்காக்குக்கும் காயாக வைத்தது, எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகளின் பரம்பரைச் சொத்து. சூடு வைக்கும் விளையாட்டை ஆசிரியர்கள் தவிர்த்துவிடலாம், அது தானாகவே பரவிவிடும். பச்சைப் பருப்பில் சயனைடு விடும் பொருள் இருப்பதால் வாயில் வைக்க விடவே கூடாது. பகாங்கில் அதைப் பதப்படுத்தி ‘ஆசாம் ரோங்’ சமைப்பார்கள் என்பது பெரியவர்களுக்கான செய்தி.

ரப்பர் கொட்டை வெகுநாள் தாங்காது. பொறுக்கிய ஒரு வாரத்திற்குள் ஈரமண்ணில் பாதி புதையும்படி படுக்க வைத்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் முளைவிடும். முதலில் வரும் இலையே செம்பு நிறத்தில் இருக்கும். அந்தக் கன்று நட்ட மறு ஜனவரியில் இலை உதிர்க்காது. ரப்பர் மரம் பருவம் பார்த்து இலை கொட்டத் தொடங்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆறு வயதில் வேலியோரம் அதை நட்ட பிள்ளை அப்போது மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ படித்துக்கொண்டிருக்கும்.